விளம்பர இடைவேளையில் என் மகள்

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் செத்த மீனுக்கு. ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து நொறுக்கி, இறால் பெட்டியில் அள்ளிப் போடுவோம். உருகி ஓடும் தண்ணீர் காலில் பட்டால் அன்று முழுக்க விரல் மரத்துக் கிடக்கும். உயிருள்ள மனுஷன் அதன் மேல் ஏறி நின்று வேலை பார்ப்பான் என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், போய் வேறு ஆளைப் பாரு என்றிருப்பேன்.

அப்படிப்பட்ட நான் இந்த வருடம் தை கடைசியும் மாசி முதலுமாக இரண்டு வாரம், குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை உள்ளங்கை அகலப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாடு எந்த நாட்டை ஜெயித்தது என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. நான் ஆட்டத்துக்காகப் பார்க்கவில்லை. ஆட்டம் நிற்கிற நேரத்துக்காகப் பார்த்தேன்.

என் மகள் இத்தாலியில் படிக்கிறாள். எனக்கு ஒரே பிள்ளை. அவளுடைய அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. அவள் அங்கே போய் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காரணம் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, துறைமுகத்துக்காரர்கள் மண்ணை வாரிக் கொட்டுகிறார்கள் என்று கலெக்டருக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் மனு நிற்கும். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு. இறால் நன்றாக வருகிற இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் நிறைய. எல்லாரும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அடிதடிதான். அதனால் இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று அம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொள்வோம். அந்த நாள் அந்த இடம் உன்னுடையது, வேறு எவனும் அங்கே கழி ஊன்ற மாட்டான். அதற்குப் பேர்தான் பாடு. அப்பனுக்குப் பிறகு மகனுக்குப் போகும். மகள்களுக்குக் கிடையாது.

மகள் விமானம் ஏறிய அன்றுதான் அந்த வருடத்துச் சீட்டு. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்பதனம் பற்றி ஏதோ பெரிய படிப்பு. மீனை ஐஸில் வைக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா என்று ஒரு மாதமாகக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். கேலிதான் என்று அவள் நினைத்திருக்கலாம். உள்ளுக்குள் எனக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவும் போய், இவளும் போனால், அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? அதைச் சொல்லத் தெரியாமல்தான் கேலி.

கோயில் வாசலில் நோட்டு வைத்துக்கொண்டிருந்த பெரியவர், வழக்கமாக எல்லாரையும் கேட்கிற கேள்வியை என்னையும் கேட்டார்.

"உனக்கப்புறம் யாருப்பா?"

"எனக்கு யாரும் இல்ல. அப்படியே எழுதிக்கோ" என்றேன்.

பின்னால் யாரோ நின்ற மாதிரி இருந்தது. திரும்பினால் மகள். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். தோளில் பை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு பையைச் சரிபண்ணிக்கொண்டு காட்டூர் போகும் ரோட்டைப் பார்த்து நடந்தாள். காட்டூரில் என் கொழுந்தியாள் இருக்கிறாள், அவள்தான் கூடப் போய் வழியனுப்பினாள். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கொழுந்தியாள் வழியாகத்தான். சாப்பிடுகிறாளாம், பரீட்சை எழுதினாளாம், காய்ச்சல் வந்து போயிற்றாம். 'ஆம்' போட்ட செய்திகளாகவே இரண்டு வருடம். நம்பர் கேட்டிருந்தால் கொழுந்தியாள் கொடுத்திருப்பாள். கேட்டால் நான் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவில்லை. இறங்கிப்போனால் என்ன, தலை போய்விடுமா? இப்போது கேட்கிறேன், அப்போது தோன்றவில்லை.

தை கடைசியில் கொழுந்தியாள் மீன் வாங்க வந்தபோது, போகிறபோக்கில் சொன்னாள்.

"மாமா, ஒனக்குச் சேதி தெரியுமா? அங்க ஏதோ ஐஸ் ஹாக்கியாம், ஒலிம்பிக்காம். ஒம் பொண்ணு அதுல கீது."

"ஆடுதா?"

"அய்ய, ஆடல. ஐஸ் தள்ளுது. ஆட்டம் நடுவுல நிக்கும்போது ஓடியாந்து தூளு தள்ளுவாங்களாம். படிக்கிற எடத்துல ரெண்டு வருசமா ஐஸ் மைதானத்துல வேல பாத்துதுல்ல, அதுல பழகிக்கிச்சாம். டிவில வரும்னு சொன்னாங்க."

"வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டு வலையில் கிழிசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அவள் தலை மறைந்ததும் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போனில் எல்லாம் தெரியும்.

"ஐஸ் ஹாக்கி பாக்கணும். போட்டுக் குடு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாணா திடீர்னு? கிரிக்கெட்டே பாக்க மாட்டியே நீ."

"நாலு விஷயம் தெரிஞ்சிக்க வேணாமா?" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தான். உண்மைக் காரணத்தை அவனிடம் மட்டுமில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே பகல் ஆட்டம் என்றால் எங்களுக்குச் சாயங்காலம். வலையை உலர்த்திப் போட்டுவிட்டு, அரிசியை உலையில் போட்டுவிட்டு, போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்து உட்காருவேன். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. பந்து என்று ஒன்று இல்லை. அடை மாதிரி ஒரு கறுப்பு வட்டு. அதன் பின்னால் மூட்டை கட்டின மாதிரி ஆட்கள் ஓடி, ஒருவனை ஒருவன் மரத்தடுப்பில் மோதித் தள்ளுகிறார்கள். தள்ளினவனைக் கேட்பாரில்லை.

ஒன்று மட்டும் யாரும் சொல்லித்தராமல் புரிந்தது. ஐந்து பேர் முக்கால் நிமிடம் மூச்சுவாங்க ஓடிவிட்டு வெளியே ஏறிவிடுகிறார்கள். அடுத்த ஐந்து பேர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிக்கிறார்கள். ஆள் மாறுகிறது என்று ஆட்டம் நிற்பதில்லை. தன் முறை முடிந்தும் ஒருவன் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் குற்றம். இது நம்ம பாடுதானே என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், கேட்க வீட்டில் ஆள் இல்லை.

தப்பு செய்தவனைக் கண்ணாடிக் கூண்டில் இரண்டு நிமிடம் உட்கார வைப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நிமிடம் ஆனதும் கதவு திறக்கும், ஓடிவந்து சேர்ந்துகொள்வான். யாரும் பழசைக் கிளறுவதில்லை. நான் உள்ளே உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கதவு என் பக்கம்தான் திறக்கும் போல, நான்தான் தள்ளிப் பார்க்கவில்லை.

சரி, ஐஸ் தள்ளுகிறவர்களுக்கு வருகிறேன். காலில் கட்டிய கத்திகள் தரையைச் சீவிச் சீவி வெள்ளைத் தூள் சேர்ந்துவிடுகிறது. இருபது நிமிட ஆட்டத்துக்குள் இரண்டு மூன்று தடவை விசில் ஊதி நிறுத்துகிறார்கள். அப்போது ஏழெட்டுப் பேர் அகலமான தள்ளுபலகையோடு வந்து, வரிசையாகத் தூளைத் தள்ளிக்கொண்டு போவார்களாம். 'ஆம்' என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. ஆட்டத்தை நிறுத்துவதே விளம்பரத்துக்காகத்தான். விசில் ஊதியதும் சிமென்ட் வரும், பிஸ்கட் வரும், தலைக்குப் பூசுகிற எண்ணெய் வரும். சிரிக்கிற குடும்பம் ஒன்று வரும், அப்பா மகளைத் தூக்கிச் சுற்றுவார். எல்லாம் முடிந்து மைதானம் திரும்பும்போது தரை துடைத்துவிட்ட மாதிரி பளபளவென்று இருக்கும். என் மகள் வந்து போய்விட்டாள் என்பதற்கு அந்தப் பளபளப்புதான் சாட்சி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தச் சிமென்ட் விளம்பரத்து ஆளை நேரில் கண்டால் இன்றைக்கும் சும்மா விட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, விளம்பரம் இல்லாமல் வராதா என்று கேட்டேன். "விளம்பரம் வந்தா இன்னாணா, அந்த நேரத்துல ஆட்டம் நடக்காது. உனக்கு ஒண்ணும் போவல" என்றான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? புரியவைக்க வேண்டுமானால் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் இல்லை என்று ஊர் நடுவில் சொன்னவன் எந்த முகத்தோடு சொல்வது?

ஒரே ஒரு தடவை, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, விளம்பரம் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஐஸ் தள்ளுகிறவர்கள் கடைசியாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி குல்லா. கடைசி ஆள் மட்டும் மற்றவர்களைவிடக் குட்டை. வாசலுக்கு முன்னால் பலகையைத் தூக்கும்போது, காலை அகட்டி, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நின்ற நிலை இருக்கிறதே, அது தோணி விளிம்பில் கழி ஊன்றுகிறவர்கள் நிற்கிற நிலை. சின்ன வயதில் அவள் அப்படித்தான் நிற்பாள். ஆடுகிற தோணியில் அவள் தடுமாறி நான் பார்த்ததில்லை. பளபளவென்ற தரையில் விழாமல் நிற்க அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு நொடி. முதுகு மட்டும். அவள்தானா என்று கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். ஆனால் அன்று உலையில் போட்ட அரிசி குழைந்து கஞ்சியானது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இளைத்திருக்கிறாளா, கன்னம் குளிரில் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டங்கள் முடிந்துவிட்டால் அதற்கும் வழி இல்லை.

இனி மிச்சம் கடைசி ஆட்டம்தான். ஃபைனல் என்றால் கேமரா நிறைய வைப்பார்கள், விளம்பரத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அது எங்கள் நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல். நாளைப் பார்த்தால், அன்றைக்குத்தான் என் பாடு.

பாடு என்றால் இருட்டுவதற்குள் இடத்துக்குப் போய்க் கழி ஊன்றி வலை கட்டியாக வேண்டும். தோணியில் போனைக் கொண்டுபோகலாம் என்றால் நடு ஏரியில் சிக்னல் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு கழிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டேன்.

நான் மறந்துபோன ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் பாட்டை யாரும் சும்மா விடுவதில்லை. காய்ச்சல் என்றால் கூடப் போர்த்திக்கொண்டாவது போவோம். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் விடுவோம். அன்றைக்கு அந்த இடம் ஏரியில் வெறுமையாகக் கிடக்கும், மரியாதைக்காக வேறு யாரும் அங்கே போக மாட்டார்கள். கழி இல்லாத இடத்தைப் பார்த்தே, இன்னார் வீட்டில் துக்கம் என்று கரைக்குச் செய்தி போய்விடும். இது எனக்குத் தெரியாததில்லை. என் வீட்டில் சாவதற்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொழுந்தியாள் கூப்பிட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் மூன்று விளம்பரம் போய்விடும். கட் பண்ணினேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கட் பண்ணினேன். பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு நம்பர், முப்பத்தொன்பதில் தொடங்கியது. வெளிநாட்டு நம்பரை எடுக்காதீர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று நாள் தவறாமல் சொல்கிறார்களே. படத்தை மறைத்துக்கொண்டு மணி அடித்தது. கட் பண்ணினேன். சரியாக விசில் ஊதி ஆட்டம் நின்ற நேரத்தில் இரண்டாம் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு கட் பண்ணினேன். சனியனே, உனக்கு இந்த நேரம்தான் கிடைத்ததா என்று திட்டிக்கொண்டே மூன்றாம் தடவையும் கட் பண்ணினேன். மகள் அந்நேரம் ஐஸ் மேல் நிற்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. நிமிர்ந்தால் ஏழெட்டுப் பெண்கள், பின்னால் நாலைந்து ஆண்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கிரேன் ஓட்டுகிறவன் பெண்சாதி முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அண்ணா, மனச தேத்திக்கோணா. பொண்ணுக்கு இன்னா ஆச்சு?"

"எம் பொண்ணுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"நீ பாட்ட விட்டுட்டல்ல? ஒனக்கு வேற யாரு கீறாங்க? அந்தப் புள்ளதானே. காட்டூருக்குப் போன் போட்டு ஒங் கொழுந்தியாகிட்ட கேட்டேன். அது, புள்ள நல்லாத்தான் கீது, அப்போ மாமாவுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சினு அலறுது. நீ போன எடுக்கலியாம். புள்ளகிட்டயும் சொல்லிட்டுதாம். அது அங்கேர்ந்து அடிச்சிக்கினே கீதாம்."

என் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. முப்பத்தொன்பது. இந்தத் தடவை முகம் தெரிகிற அழைப்பு. எடுக்க வேண்டிய பொத்தானை விரல் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பெண்தான் அழுத்தினாள்.

மகள் முகம் வந்தது. இரண்டு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த அதே திரையில், திரை முழுக்க. முடியை வெட்டியிருந்தாள். இளைத்துத்தான் இருந்தாள். கன்னத்தில் ஒன்றுமில்லை. பின்னால் கட்டில், துணி காயும் கயிறு, ஏதோ ஒரு அறை.

"நைனா" என்றாள்.

"மொத தடவ கட் பண்ணப்பவே தெரிஞ்சிபோச்சி, நீ உயிரோடதான் கீறன்னு. வேற யாரும் அப்படி கட் பண்ண மாட்டாங்க." சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "அப்புறம் இன்னாத்துக்கு நைனா பாட்ட விட்ட?"

சுற்றிலும் ஊர் நிற்கிறது. அந்த நோட்டுப் பெரியவரும் வேலி ஓரம் நிற்கிறார். வேறு வழியில்லை, வேறு வழி எனக்கு வேண்டியதும் இல்லை.

"எம் பொண்ண பாக்கணும்னு. நீ ஐஸ் தள்றத பாக்கணும்னு. ரெண்டு வாரமா பாத்துக்கினே கீறேன், வெளம்பரம்தான் வருது."

அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் விசும்பினாள்.

"ஃபைனலுக்கு எங்க ஆளுங்க இல்ல நைனா. வேற குரூப்பு. நான் மத்தியானத்துலேர்ந்து ரூம்லதான் கீறேன். என்னைத்தான் நீ கட் பண்ணிக்கினு இருந்த." மூக்கை உறிஞ்சினாள். "கேட்டிருந்தா மொத நாளே வீடியோ அனுப்பி இருப்பேனே."

"சாப்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நீ என்று கேட்டாள். உலை கொதிக்கிறது என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன், அதற்குள் அவளைக் கூப்பிட யாரோ வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ணுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஊர் கலைந்து போயிற்று. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவது வழக்கம், அந்தப் பழக்கத்தில் யாரும் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். பெரியவர் மட்டும் வாசல் வரை வந்து, பாட்டை விட்டது தப்பு என்றார். தப்புதான் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ வந்தது. கூட வேலை பார்க்கிறவர் யாரோ எடுத்தது. ஏழெட்டுப் பேர் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், கடைசியில் குட்டையாக அவள், கால் அகட்டி. ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையில் கண்ணாக இருந்தாள். பார்த்து முடித்ததும், பாரேன் இவளை என்று காட்டுவதற்குப் பக்கத்தில் திரும்பினேன். அங்கே கழிகள்தான் சாய்ந்திருந்தன.

நம்பரைப் பதிந்துகொள்ளலாம் என்று தொட்டேன். பெயர் கேட்டது. மனு எழுதுகிற கை, ஆனாலும் நேரம் பிடித்தது. 'என் பொண்ணு' என்று போட்டேன். போட்டதும் அன்றைக்கு வந்த அழைப்புகள் எல்லாவற்றிலும் நம்பர் மறைந்து பெயர் வந்துவிட்டது. நான் கட் பண்ணியவை சிவப்பில் இருந்தன. என் பொண்ணு, என் பொண்ணு, என் பொண்ணு என்று மூன்று தடவை.